கப்பலேறிய மூதாதையை டிஎன்ஏ பொருத்தத்தால் உறுதிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸிலிருந்து ஏறியவர்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் டிஎன்ஏ சோதனை செய்துகொண்டு, "எங்கள் தாத்தா எந்த ஊர்? அவருடைய உடன்பிறந்தவர்களின் வாரிசுகள் யார்?" என்று தேடுகிறார்கள்.

கப்பல் பட்டியலில் ஒரு பெயரையும், தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தையும் கண்டுபிடித்துவிட்டு, "இவர்கள்தானா?" என்ற கேள்வியில் நிற்பவர்களுக்கு எழுதப்பட்டது இது. மொரீஷியஸ், ஃபிஜி, மலேசியா என்று வேறு திசைகளில் போன குடும்பங்களுக்கும் வழி பெரும்பாலும் இதுவே.

டிஎன்ஏ பொருத்தம் உங்கள் மூதாதை யார் என்று சொல்லாது. இரண்டு பேருக்கு இடையே எவ்வளவு மரபணு பொதுவாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அத்தை மகளையும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிக்கொண்ட நம் குடும்பங்களில் அந்த அளவும் கூடுதலாகவே காட்டும். ஐரோப்பியக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றும் தமிழர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"என் வேர்களைத் தேடுகிறேன்" என்பதைச் சோதிக்க முடியாது. "1880களில் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறியவரும், இன்று அந்த ஊரில் வாழும் குடும்பத்தின் கொள்ளுத்தாத்தாவும் ஒரு தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள்" என்பதைச் சோதிக்க முடியும். அந்த வாக்கியத்துக்குக் கீழேயே அதன் போட்டி வாக்கியங்களையும் எழுதுங்கள். அவர்கள் ஒரே தந்தைக்கு இரு தாரத்துப் பிள்ளைகளாக இருக்கலாம். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளாக இருக்கலாம். ஒரே ஊர், ஒரே சாதி என்பதைத் தவிர வேறு தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணையும் இந்த நான்கு வாக்கியங்களோடும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: காகிதம் முதலில், எச்சில் பிறகு

நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதன் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியவை பதிவாகியிருக்கும். தென்னாப்பிரிக்காவில் திருமணம், பிறப்பு, இறப்புப் பதிவுகளில் இந்த எண் திரும்பத் திரும்ப வருவதால், பெயரைவிட எண்ணே நம்பகமானது. மொரீஷியஸ் குடும்பங்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இதே வகைப் பதிவேடுகள் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படமும் கிடைக்கும்.

பெயர்களில் கவனம் தேவை. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். தந்தையின் பெயர் அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக மாறியிருக்கும். அதனால் டர்பனில் முன்சாமி என்ற குடும்பப் பெயருள்ள இரண்டு பேர் சந்தித்தால், அவர்களுடைய மூதாதையர் இருவருக்கும் முனுசாமி என்ற பெயர் இருந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் எதுவும் இல்லை.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல்தான். புத்தூர், புதுப்பட்டி என்ற பெயர்களில் எத்தனையோ கிராமங்கள் இருக்கின்றன. தாலுகா தெரியாமல் எதையும் முடிவுசெய்ய வேண்டாம். பழைய வட ஆர்க்காடு என்பது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பகுதிகளோடு நின்றுவிடவில்லை. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை இன்றைய ஆந்திரத்தின் ஒரு பகுதியும் அதில் அடக்கம். எல்லைக்கு அப்பால் தேடாமலே "அந்த ஊர் இப்போது இல்லை" என்று கைவிட்டவர்கள் நிறைய.

மூன்றாம் படி: யாரைச் சோதிப்பது

சோதனையின் வெற்றியில் பாதி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. கப்பலேறியவரின் பேரனும் ஊரில் தங்கிய சகோதரரின் பேரனும் இரண்டுவிட்ட சகோதரர்கள். இந்த உறவில் பொது மரபணு இல்லாமல் போவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஒரு தலைமுறை கீழே இறங்கினால் மூன்றுவிட்ட உறவு. இவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு ஜோடிக்குக் கண்டறியத்தக்க பொருத்தமே இருக்காது. இன்னும் ஒரு தலைமுறை இறங்கினால் பாதி ஜோடிகளுக்கு இருக்காது.

ஆகவே இரு பக்கமும் உயிரோடு இருக்கும் மிக மூத்த தலைமுறையை முதலில் சோதியுங்கள். உங்கள் சோதனை அடுத்த வருடம்கூட நடக்கலாம். எண்பது வயதுப் பாட்டியின் சோதனைக்கு அந்த அவகாசம் இல்லை. முதியவர்களுக்குக் குழாய் நிறைய எச்சில் துப்புவது சிரமமான வேலை. கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் முறையைப் பின்பற்றும் மைஹெரிடேஜ், ஃபேமிலிட்ரீடிஎன்ஏ போன்ற சோதனை நிறுவனங்கள் அவர்களுக்கு வசதி. வெற்றிலை போடுபவராக இருந்தால் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, எதுவும் உண்ணாமல் அரைமணி நேரம் காத்திருந்து மாதிரி எடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர் போதாது. கப்பலேறியவரின் வெவ்வேறு பிள்ளைகள் வழியாக இரண்டு அல்லது மூன்று பேர், ஊர்க் குடும்பத்திலும் அதேபோல் இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும். அதிலும், சொந்தத்துக்குள் பெண் எடுக்காமல் வெளியூரிலிருந்து மருமகள் வந்த கிளை ஒன்று கிடைத்தால் அது பெரும் பேறு. ஏன் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

சோதனை நிறுவனங்களில் ஆன்செஸ்ட்ரியிடம்தான் மிகப் பெரிய தரவுத்தளம் இருக்கிறது. ஆனால் எந்தக் குரோமோசோமில் எந்தத் துண்டு பொருந்துகிறது என்பதை அது காட்டாது. அங்கே சோதித்தவர்கள் தங்கள் மூலத் தரவை இறக்கி, ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றினால் துண்டுகளைப் பார்க்கலாம். ஏற்றுவதற்கு முன் சோதனை செய்துகொண்டவரிடம் சொல்லி அனுமதி பெறுங்கள். 2018-இல் கலிஃபோர்னியாவின் பழைய தொடர்கொலை வழக்கொன்றின் குற்றவாளியைப் போலீஸார் கண்டுபிடித்தது ஜெட்மேட்ச் வழியாகத்தான். 2023-இல் 23அண்ட்மீ நிறுவனத்தில் லட்சக்கணக்கானோரின் தகவல்கள் கசிந்தன. 2025-இல் அது திவால் பாதுகாப்பு கோரியது. கிராமத்துப் பெரியவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் சம்மதம் கிடைத்துவிட்டதாகக் கருதுவது முறையல்ல.

நான்காம் படி: எண்களைப் படிப்பது

பொதுவாக இருக்கும் மரபணுவின் அளவு சென்டிமார்கன் என்ற அலகில் சொல்லப்படும். மரபணு வம்சாவளி ஆய்வாளர் பிளெய்ன் பெட்டிங்கர் பல்லாயிரம் உறவு ஜோடிகளின் தரவைத் திரட்டி 2020-இல் வெளியிட்ட அட்டவணையைத்தான் பலரும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அதன்படி ஒன்றுவிட்ட உறவுக்குச் சராசரி 866 சென்டிமார்கன் (396 முதல் 1397 வரை). இரண்டுவிட்ட உறவுக்கு 229 (41 முதல் 592 வரை). மூன்றுவிட்ட உறவுக்கு 73 (பூஜ்யம் முதல் 234 வரை). அத்தை மகனா, பெரியப்பா மகனா என்ற வேறுபாடு டிஎன்ஏவுக்குத் தெரியாது. எல்லாரும் அதற்கு ஒன்றே.

சராசரியைவிட, அடைப்புக்குறிக்குள் இருக்கும் வீச்சை உற்றுப் பாருங்கள். 150 சென்டிமார்கன் என்ற ஒரே எண் இரண்டுவிட்ட உறவாகவும் இருக்கலாம், மூன்றுவிட்ட உறவாகவும் இருக்கலாம். தளம் தானாகவே போடும் "இரண்டுவிட்ட உறவு" என்ற முத்திரை ஓர் ஊகம்தான்.

மொத்தத்தோடு துண்டுகளின் எண்ணிக்கையையும் மிக நீளமான துண்டின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். 90 சென்டிமார்கன் நான்கு துண்டுகளாக, அதில் ஒன்று 40 என்று வந்தால் அண்மைக்கால மூதாதை ஒருவர் இருக்கக்கூடும். அதே 90, எட்டுத் துண்டுகளாக, மிக நீளமானதே 15 என்று வந்தால், பல நூறு ஆண்டுகளாகத் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்ட ஒரு சமூகத்தின் பழைய சேமிப்பு அது. ஏழு சென்டிமார்கனுக்குக் குறைந்த துண்டுகளைக் கண்ணெடுத்தும் பார்க்க வேண்டாம். நம் குடும்பங்களுக்கு, 20-க்குக் குறைந்த துண்டை மட்டும் ஆதாரமாகக் காட்டும் எந்த வாதத்தையும் சந்தேகப்படலாம் என்பது என் கட்சி.

இது வெறும் எச்சரிக்கை உணர்வு அல்ல. தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து 2017-இல் நேச்சர் ஜெனிட்டிக்ஸ் இதழில் வெளியான ஆய்வு, அவற்றில் 81 குழுக்கள் ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகலான மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை என்று கண்டது. யூதக் குடும்பங்களின் பொருத்தங்களை நம்பிப் படிக்கக்கூடாது என்பது இத்துறையில் அரிச்சுவடிப் பாடம். நமக்கு அது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

ஐந்தாம் படி: மடிந்த குடும்ப மரத்தை விரிப்பது

முறைப்பெண்ணை மணந்தவர்களின் பிள்ளைக்கு எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகள் இருக்க மாட்டார்கள், ஆறு பேர்தான். தாய்மாமனை மணந்தவளின் பிள்ளைக்கு ஒரே தம்பதி ஒரு வழியில் தாத்தா பாட்டி, இன்னொரு வழியில் கொள்ளுத்தாத்தா பாட்டி. ஒரே தம்பதியின் மரபணு இரண்டு வழிகளில் வந்து சேரும்போது எண் ஏறும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டர்பனில் கப்பலேறியவரின் பேத்தி ஒருவர். வட ஆர்க்காட்டு ஊரில் ஒரு பெரியவர். இருவருக்கும் பொருத்தம் 240 சென்டிமார்கன், நீளமான துண்டுகளோடு. இரண்டுவிட்ட உறவின் சராசரி 229 அல்லவா? "உடன்பிறந்தவர்களேதான்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும்.

ஊர்ப் பெரியவரிடம் அவருடைய தாய் யார் என்று கேளுங்கள். "அப்பா, தன் அத்தை மகளைத்தான் கட்டினார்" என்கிறார். அதாவது, அவருடைய தந்தை ஊரில் தங்கியவரின் மகன். தாய், ஊரில் தங்கியவருடைய சகோதரியின் மகள். கப்பலேறியவர் இவர்களோடு ஒரே வயிற்றில் பிறந்தவர் என்றால், பெரியவர் டர்பன் பேத்திக்கு இரண்டு வழியில் இரண்டுவிட்ட உறவு. அப்போது எதிர்பார்க்க வேண்டியது ஏறக்குறைய 460. கிடைத்ததோ அதில் பாதிதான். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் என்ற ஊகத்துக்கு, இரண்டு வழியில் மூன்றுவிட்ட உறவாகி, 146 அளவில் வர வேண்டும். இரு தாரத்துப் பிள்ளைகள் என்றால்? ஒரு வழிக்குச் சுமார் 120, இரண்டு வழிக்கு 240. அச்சொட்டாக அதுதான் கிடைத்திருக்கிறது.

இப்போதும் இது முடிவல்ல. வீச்சு அகலமானது என்பதால் மூன்று ஊகங்களுக்கும் 240 சாத்தியமே. ஆனால் முதல் பார்வையில் மிகத் துல்லியமாகத் தெரிந்த எண், தாயின் பிறந்த வீட்டைக் கேட்டவுடன் வேறு கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. வெளியூர் மருமகள் வந்த கிளையின் தேவை இங்கே விளங்கும். அந்தக் கிளைப் பேரனுக்கு ஒரே வழிதான் உண்டு. அவருக்கும் டர்பன் பேத்திக்கும் 220 வந்தால் முழு உடன்பிறப்பின் பக்கமும், 110 வந்தால் இரு தாரத்தின் பக்கமும் தராசு சாயும்.

எக்ஸ் குரோமோசோம் இங்கே கைகொடுக்கலாம். ஆணுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. டர்பன் பேத்தி, கப்பலேறியவரின் மகள் வழியாகப் பிறந்தவராக இருந்தால், அவரிடம் கப்பலேறியவருடைய தாயின் எக்ஸ் துண்டு இருக்கக்கூடும். ஊர்ப் பெரியவரிடம், அவருடைய தாய்வழிப் பாட்டியான அந்தச் சகோதரியின் எக்ஸ் வந்திருக்கக்கூடும். இருவருக்கும் நீளமான எக்ஸ் துண்டு ஒன்று பொருந்தி, வேறு வழியில் அது வந்திருக்க முடியாது என்றும் தெரிந்தால், கப்பலேறியவரும் அந்தச் சகோதரியும் ஒரு தாய் மக்கள் என்பதற்கு அது வலுவான சான்று. பொருந்தாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. துண்டு வழியில் தொலைந்திருக்கலாம். ஆன்செஸ்ட்ரியில் எக்ஸ் தெரியாது. ஜெட்மேட்சில் பார்க்கலாம்.

சோதிக்கப்பட்ட ஒவ்வொருவரின் தாய் தந்தையரும் உறவினர்களா என்று கணிக்கும் கருவியும் ஜெட்மேட்சில் இருக்கிறது. அதையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பெரியவர் சொல்ல மறந்த திருமணங்கள் அதில் வெளிப்படும்.

ஆறாம் படி: பொருத்தங்களைக் குழுவாகப் பிரிப்பது

வம்சாவளி ஆய்வாளர் டேனா லீட்ஸ் 2018-இல் அறிமுகப்படுத்திய வண்ணமுறை எளிதானது. 90 முதல் 400 சென்டிமார்கன் வரை உள்ள பொருத்தங்களை எடுத்து, தமக்குள் பொருந்துபவர்களுக்கு ஒரே நிறம் கொடுத்தால், நான்கு தாத்தா பாட்டிக்கு நான்கு நிறங்கள் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே நிறம்தான் கிடைக்கும். அங்கே இந்த முறையால் பயனில்லை.

கடல் கடந்த கிளையில் நிலைமை சற்று மேல். கப்பலிலும் தோட்டங்களிலும் வெவ்வேறு மாவட்டத்தார், வெவ்வேறு சாதியார் கலந்து மணந்துகொண்டது முதல் தலைமுறையில் பரவலாக நடந்தது. அதனால் டர்பன் பாட்டியின் பொருத்தங்கள் ஓரளவு தெளிவாகப் பிரியும். குழுப் பிரிப்பை அந்தப் பக்கம் செய்து, எந்தக் குழுவில் ஊர்க் குடும்பம் வந்து விழுகிறது என்று பாருங்கள். கப்பலேறியவரின் குழுவில் விழாமல் அவர் மனைவியின் குழுவில் விழுந்தால், உங்கள் முதல் வாக்கியத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

ஒரே குரோமோசோமின் ஒரே இடத்தில் மூன்று பேர், ஒவ்வொருவரும் மற்ற இருவரோடும் பொருந்துவதைச் சரிபார்ப்பது அடுத்த கட்டம். மூவரில் இருவர் அண்ணன் தம்பிகளாக இருந்தால் அது மூன்று சாட்சியாகாது, இரண்டுதான்.

பிறர் பதிவேற்றிய மரங்களை வைத்துத் தளங்கள் தானாக வரைந்து காட்டும் உறவுப் பாதைகளைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். உங்கள் ஊகத்தை ஒருவர் நகலெடுத்துத் தன் மரத்தில் போட்டிருப்பார். தளம் அதையே உங்களுக்கு ஆதாரமாகத் திருப்பிக் காட்டும்.

ஏழாம் படி: பொருந்தியவருக்கு எழுதுவது

தமிழ்நாட்டில் சோதித்துக்கொண்டவர்கள் குறைவு. வரும் பொருத்தங்களில் பலர் தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், மலேசியா, ரீயூனியன் என்று சிதறியிருப்பார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்களாகவும் இருப்பார்கள். ரீயூனியன்காரருக்குப் பிரெஞ்சில் எழுதுவது மரியாதை. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: யாருடைய சோதனை, எத்தனை சென்டிமார்கன், எந்த ஊர், எந்தக் காலம், ஒரே ஒரு கேள்வி. முதல் கடிதத்திலேயே சாதி கேட்டால் பதில் வராது. கேட்காமலிருப்பதே நாகரிகமும்கூட.

பதில் வந்த பிறகு கேட்க வேண்டிய முதல் கேள்வி குலதெய்வம். எந்தச் சாமி, எந்த ஊர்க் கோயில், குழந்தைக்கு முதல் முடி எங்கே எடுத்தார்கள்? ஊர்ப் பெயரை மறந்த குடும்பம் சாமியின் பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது உண்டு. ஒரே குலதெய்வக் கோயிலின் பங்காளிகள் தமக்குள் மணம் செய்வதில்லை என்பதால், எந்தப் பொருத்தம் பங்காளி வழி, எது சம்பந்தி வழி என்று பிரிக்கவும் இது உதவும். ஒரே சாமியைப் பல குலத்தார் கும்பிடுவதால், இதைத் துப்பு என்பதற்கு மேல் உயர்த்த வேண்டாம்.

எட்டாம் படி: ஒய், மைட்டோகாண்ட்ரியா

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. அதாவது பங்காளி வழி. கப்பலேறியவரின் மகன் வயிற்றுப் பேரன் ஒருவரும், ஊரில் தங்கியவரின் மகன் வயிற்றுப் பேரன் ஒருவரும் ஒய் சோதனை செய்து பொருந்தாவிட்டால், தந்தை வழி எங்கோ அறுந்திருக்கிறது. சுவீகாரம், மறுமணத்தில் உடன் வந்த பிள்ளை, ஆள் பிடிப்பவரிடம் கொடுத்த பொய்ப் பெயர் என்று காரணங்கள் பல. பொருந்தினால் இருவரும் ஒரே பங்காளிக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் எந்த ஆள் என்பதை ஒய் சொல்லாது.

1998-இல் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் விஷயத்தில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். அவருடைய அடிமையான சாலி ஹெமிங்ஸின் மகன் எஸ்டன் வழி வந்த ஒருவரின் ஒய், ஜெஃபர்சனின் சித்தப்பா, பெரியப்பா வழி வாரிசுகளின் ஒய்யோடு பொருந்தியது. தந்தை ஒரு ஜெஃபர்சன் ஆண் என்பதோடு டிஎன்ஏ நின்றுவிட்டது. தாமஸ்தான் அந்த ஆண் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது, சாலி கருவுற்ற காலங்களில் எல்லாம் அவர் மான்டிசெல்லோ வீட்டில் இருந்தார் என்று காட்டிய அவருடைய சொந்தக் குறிப்பேடுகள் முதலிய பிற சான்றுகளைக் கொண்டுதான்.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய் வழியில் மட்டும் இறங்கும். கப்பலேறிய ஆண் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது என்பதால், அவரைத் தேடும் வேலையில் இதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். கப்பலேறிய பெண்ணின் மகள், மகளின் மகள் என்று தொடரும் வழி இருந்தால் மட்டும் பயன்படும்.

ஒன்பதாம் படி: முடிவை எழுதுவது

டிஎன்ஏ பெயின்டர் தளத்தில், போட்டி ஊகங்களை மரமாக வரைந்து ஒவ்வொன்றின் வாய்ப்பையும் ஒப்பிடும் கருவி இருக்கிறது. உறவுத் திருமணங்களை அது கணக்கில் கொள்ளாது. ஆகவே சொந்தத்தில் மணக்காத கிளைகளின் எண்களை மட்டும் அதில் கொடுங்கள்.

பிறகு, படிப்பவர் யாரும் சரிபார்த்து உங்களைக் கேள்வி கேட்க முடியும் வகையில் எழுதி வையுங்கள். சோதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் எந்தப் பிள்ளை வழி, ஒவ்வொரு ஜோடிக்கும் மொத்தம் எவ்வளவு, நீளமான துண்டு எவ்வளவு, யார் வீட்டில் எந்தத் தலைமுறையில் உறவுத் திருமணம், எந்தப் பதிவேட்டில் எந்த எண், எந்த ஊகத்தை எந்தக் காரணத்தால் கைவிட்டீர்கள் என்று எல்லாமே வேண்டும். "ஒரே தந்தையின் பிள்ளைகள் என்பது உறுதி, ஒரே தாய் என்பது இன்னும் திறந்த கேள்வி" என்று எழுத நேர்ந்தால் அப்படியே எழுதுங்கள்.

ஊர்க் குடும்பம் சோதனைக்கு மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். சொத்துப் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற அச்சம் அங்கே இயல்பு. அதே குடும்பத்திலிருந்து மலேசியாவுக்கோ மொரீஷியஸுக்கோ போன இன்னொரு கிளை இருக்கிறதா என்று கேட்டு, அவர்களை அணுகுங்கள். வயதானவர்களின் சோதனைக் கணக்கை அவர்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதையும், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.